நீல பிளக்கும் ரெண்டு மணி பஸ்ஸும்

தங்கராசு: டார்ச்ச இன்னும் கொஞ்சம் கிட்ட காட்டவா மாப்ள?

சதீஷ்: வேணாம் மாமா... கண்ணுல அடிக்குது.

தங்கராசு: ஐயோ. இப்ப?

சதீஷ்: இப்ப காதுல அடிக்குது. பரவால்ல, அப்படியே வெச்சிருங்க.

தங்கராசு: தலை தீபாவளிக்கு வந்த மாப்பிள்ளைய மேசைக்கு அடியில படுக்க வெச்சிட்டேன்னு உங்க அத்தை காலையிலேர்ந்து திட்டிக்கினே இருக்கா. புது வேட்டி வேற.

சதீஷ்: வேட்டி கெடக்குது மாமா. கம்ப்யூட்டர்ல புதுக் கார்டு உக்காந்துடுச்சு. ‘டக்’னு சத்தம் கேட்டுச்சு இல்ல?

தங்கராசு: அது என் முட்டிங்க.

சதீஷ்: அதுக்கு முன்னாடி ஒன்னு கேட்டுச்சே...

தங்கராசு: அது இன்னொரு முட்டி.

சதீஷ்: ...சரி, இன்னொரு தடவ அமுக்கறேன். ம்ம்... ஆங். இப்ப உக்காந்துச்சு. மானிட்டர் ஒயர இப்படி குடுங்க.

தங்கராசு: இந்தாங்க. நீல பிளக்கு.

சதீஷ்: இத... இங்க... எங்க...

தங்கராசு: இன்னா மாப்ள?

சதீஷ்: ஒன்னும் இல்ல மாமா. கார்டுல இதுக்கு ஓட்டையே காணும்.

தங்கராசு: இல்லாம எப்படிங்க? புதுச்சேரி கடைக்காரன், படம் தண்ணி மாதிரி ஓடும்னு சொல்லிக் குடுத்தானே. நல்லா பாருங்க, மூணு வாய் இருக்குது.

சதீஷ்: இருக்குது. மூணும் தட்டையா இருக்குது. நம்ம பிளக்குல பதினஞ்சு ஊசி. மானிட்டர் எப்ப வாங்கனது?

தங்கராசு: உங்க வீட்டம்மா காலேஜ்ல சேந்தப்ப. இன்னிக்கி வரைக்கும் ஒரு கோடு விழல. அதுவும் இந்த உப்புக் காத்துல.

சதீஷ்: மானிட்டர் மேல தப்பு இல்ல மாமா. காலம் மாறிப்போச்சு.

தங்கராசு: அவசரம் ஒன்னும் இல்ல, நிதானமா பாருங்க. சாப்ட்டுட்டுகூட பாக்கலாம்.

சதீஷ்: இல்ல மாமா, ரெண்டு மணி பஸ்ஸு. ஆபீஸ்ல நாளைக்கி வரச்சொல்லிட்டாங்க.

தங்கராசு: ஆமா ஆமா. ரெண்டு மணி பஸ்ஸு... மறந்தே போச்சு.

ஜெயப்ரியா: அப்பா, இன்னும் இங்கதான் இருக்கீங்களா ரெண்டு பேரும்? அதிரசம் கொண்டாந்தேன். எங்க அவரு?

தங்கராசு: கீழ பாரு. கால் தெரியுது பாரு, அதான்.

ஜெயப்ரியா: அழகா இருக்குது. போட்டோ எடுத்துக்கட்டுமா?

சதீஷ்: எடுத்தீன்னா தெரியும்.

ஜெயப்ரியா: சரி, இந்தக் கார்டு எதுக்குப்பா உனக்கு இந்த வயசுல? கேம் ஆடப் போறியா?

தங்கராசு: உன் கல்யாண வீடியோவுக்குத்தான்மா. அந்த வீடியோக்காரன் பெரிய சைசுல எடுத்துத் தந்துட்டான். போட்டா, நிச்சயதார்த்தம் ஓடுது, மாலை மாத்தறது ஓடுது, ஐயர் தாலிய கையில எடுக்கறாரு... அவ்ளோதான். நின்னுடுது. அப்பால பாத்தா, எல்லாரும் பந்தியில உக்காந்து சாப்ட்டுக்கினு இருக்காங்க.

ஜெயப்ரியா: டிவில போட வேண்டியதுதான?

தங்கராசு: போன வாரம் இடி விழுந்தப்பவே டிவி போச்சு. உங்கம்மா சொல்லலியா?

ஜெயப்ரியா: என் போன்ல இருக்குது, வா காட்டறேன்.

தங்கராசு: போன்ல எறும்பு மாதிரி தெரியுதும்மா. ஐயரு எது, மாப்பிள்ள எதுன்னு தெரியல.

சதீஷ்: வேட்டிய பாத்து கண்டுபிடிங்க மாமா. இப்ப அழுக்கா இருக்கறவன் மாப்பிள்ள.

ஜெயப்ரியா: அப்பா, தாலி கட்டறத நேர்லயே பாத்தியேப்பா. மறுபடியும் எதுக்கு?

தங்கராசு: எங்க பாத்தேன்? கரெக்டா அந்த நேரம் பாத்து கரண்டு போச்சு. மண்டபத்து ஜெனரேட்டர் எடுக்கல. நான் பின்னால ஓடிட்டேன். கயித்த இழுத்து இழுத்து, ஸ்டார்ட் பண்ணி, கையத் தொடச்சிக்கினு உள்ள வந்தா... கெட்டிமேளம் முடிஞ்சி எல்லாரும் அட்சதைய தலையிலேர்ந்து தட்டிக்கினு இருக்காங்க.

ஜெயப்ரியா: அப்பா... நீ சொல்லவே இல்லியே.

தங்கராசு: சொல்லி இன்னா பண்றது? மறுபடியும் கட்டச் சொல்ல முடியுமா?

சதீஷ்: ...மாமா, ஒரு சுத்தமான துணி வேணும்.

தங்கராசு: கெணத்தடியில காயுது. இருங்க, எடுத்தாறேன்.

ஜெயப்ரியா: அப்பா, மடியில இன்னா முட்டிக்கிட்டு நிக்குது? லுங்கி அவுந்துடப் போவுது.

தங்கராசு: சாவி, சாவி. மோட்டார் ரூம் சாவி. நீ அதிரசத்தக் குடு அவருக்கு.

சதீஷ்: ...போயிட்டாரா?

ஜெயப்ரியா: போயிட்டாரு. சொல்லு.

சதீஷ்: இன்னாத்த சொல்றது? மாட்டிக்கிட்டேன்.

ஜெயப்ரியா: நீயேதான காலையில, “ரெண்டே நிமிஷ வேலை மாமா”ன்னு சொன்ன?

சதீஷ்: வேற இன்னா சொல்லச் சொல்ற? வந்ததுலேர்ந்து தெருவே வருது. நேத்து சகாதேவன் மாமா பிரிண்டரத் தலையில தூக்கிக்கினு வந்துட்டாரு. “எங்க தங்கராசு மருமவன் கம்ப்யூட்டர் கம்பெனியில பெரிய ஆளு”ன்னு, வாசல்ல நின்னு உங்கப்பா எல்லார்ட்டயும் சொல்றாரு. நான் கம்பெனியில இன்னா பண்றேன்னு உனக்குத் தெரியும்.

ஜெயப்ரியா: தெரியும். ஸ்டாஃபுக்கு கார் புக் பண்ற.

சதீஷ்: டிரான்ஸ்போர்ட் டெஸ்க்.

ஜெயப்ரியா: அதான். எந்தப் பொண்ண எந்தக் கார்ல ஏத்தணும், எங்க எறக்கணும். தரகரு ‘கம்ப்யூட்டர் கம்பெனி’ன்னு சொன்னாரு. அது பொய் இல்லியே. கட்டடம் அதானே.

சதீஷ்: சிரிக்காத. பொய் இல்லதான். ஆனா உங்கப்பா நெனச்சிக்கிட்டு இருக்கறது வேற. நானும் வாயத் தொறக்கல. இப்ப இந்த நீல பிளக்குல மானம் போவுது.

ஜெயப்ரியா: பேசாம சொல்லிடேன்.

சதீஷ்: தலை தீபாவளியிலயா? மோதிரம் போட்டு இன்னும் முழுசா ஒரு நாள் ஆவல. இரு, பாத்ரூம்ல நின்னு சரவணகுமாருக்கு போன் போடறேன். எங்க ஆபீஸ் சிஸ்டம் ரூம்ல இருப்பான். உங்கப்பா வந்தா...

ஜெயப்ரியா: பாத்ரூம் போயிருக்காருன்னு சொல்றேன்.

சதீஷ்: ஹலோ... சரவணகுமார், நாந்தான்டா. ஹேப்பி தீபாவளி... இல்லடா, கார் விஷயம் இல்ல... டேய், கேளு. கிராபிக்ஸ் கார்டு ஒன்னு மாட்டியிருக்கேன். மானிட்டர் பழசு. நீல பிளக்கு, பதினஞ்சு ஊசி. கார்டுல அதுக்கு எடம் இல்ல... சிரிக்காதடா, மாமனார் வீடு... எங்க? கம்ப்யூட்டர் பின்னாடியே பழைய எடத்துல சொருவறதா? சரி... சொருவிட்டு, வர்றது வரட்டும்னு பாக்கறேன்... வெச்சிடாத, லைன்லயே இரு... வெச்சிட்டான்.

தங்கராசு: இந்தாங்க மாப்ள, துணி. மழை தூறல் போடுது வெளிய. பாத்ரூம்லேர்ந்து பேச்சு சத்தம் கேட்டுச்சே, யாரு போன்ல?

சதீஷ்: ஆபீஸ் மாமா. சின்ன டவுட்டு கேட்டாங்க.

ஜெயப்ரியா: ஆமாப்பா. இவர கேக்காம அங்க ஒன்னும் நகராது. நெஜமாவே.

சதீஷ்: நீ உள்ள போய் துணி மடிச்சி வெய்யி. மாமா, இந்த நீல பிளக்க, முன்னாடி இருந்த எடத்துலயே சொருவறேன். ஆன் பண்ணுங்க.

தங்கராசு: பண்ணிட்டேன்... மாப்ள! வந்துடுச்சு! படம் வந்துடுச்சு!

சதீஷ்: வந்துடுச்சா? ...ஆமா! வந்துடுச்சு! நான்தான் சொன்னேனே மாமா, ரெண்டே நிமிஷம்.

தங்கராசு: கம்ப்யூட்டர் ஆளு கம்ப்யூட்டர் ஆளுதான். வீடியோவ போடுங்க.

சதீஷ்: போட்டாச்சு. தாலி எடத்துக்கே தள்ளிட்டுப் போறேன்... ஐயர் எடுக்கறாரு... குடுக்கறாரு...

தங்கராசு: பந்தி போட்டுட்டாங்க மாப்ள.

சதீஷ்: ...ஆமா மாமா.

தங்கராசு: பழைய மாதிரியேதான் இருக்குது.

சதீஷ்: ஒரு நிமிஷம் மாமா. பாத்ரூம் போயிட்டு வந்துடறேன்.

தங்கராசு: இப்பதான போனீங்க?

சதீஷ்: அத்தை ரெண்டு சொம்பு மோர் குடுத்தாங்க... ஹலோ, சரவணகுமார். படம் வந்துடுச்சுடா, ஆனா வீடியோ நிக்குது... இன்னாது? படம் வந்தாலே தப்பா?... மெதுவா சொல்லு... கார்டு வேலை செஞ்சா, பழைய ஓட்டையில படம் வராது. ம்ம்... வருதுன்னா, கம்ப்யூட்டர் கார்ட கண்டுக்கவே இல்ல. ம்ம்... அதாவது படம் வந்தா கார்டு செத்துப்போச்சு, படம் போச்சுன்னா கார்டு உயிரோட இருக்குது... நல்லா இருக்குதுடா உங்க தொழிலு... கழட்டி, அடியில இருக்கற பல்லு சுத்தமா இருக்குதான்னு பாக்கணுமா? அப்பறம் நீல பிளக்குக்கு ஒரு கன்வர்ட்டரா? சரி சரி. வெக்கறேன்.

தங்கராசு: வயிறு ஏதாவது...?

சதீஷ்: நல்லாதான் இருக்குது மாமா. ஆஃப் பண்ணுங்க, கார்ட வெளிய எடுக்கணும். பல்லு பாக்கணும்.

தங்கராசு: அதுக்குப் பல்லு வேற இருக்குதா?

சதீஷ்: இதோ, கீழ வரிசையா மின்னுதே, தங்கக் கலர்ல... மாமா.

தங்கராசு: சொல்லுங்க.

சதீஷ்: மின்னல. மஞ்சளா பிசுபிசுன்னு என்னமோ ஒட்டிக்கிட்டு இருக்குது. கார்டுலயே இப்படித்தான் வருமா...

தங்கராசு: கிரீஸ்ங்க அது.

சதீஷ்: கிரீஸா?

தங்கராசு: நல்ல கிரீஸ் மாப்ள. உப்பளத்து மோட்டாருக்குப் போடறது. வாங்கினு வந்த அன்னிக்கே டப்பாவப் பிரிச்சி, குச்சியில பஞ்சு சுத்தி, ஒவ்வொரு பல்லா தடவனேன்.

சதீஷ்: ...எதுக்கு மாமா?

தங்கராசு: எதுக்கா? எங்க ஊருக் காத்து உங்களுக்குத் தெரியாது. கிரீஸ் இல்லாத இரும்பு இங்க ஒரு மழைக்காலம் தாங்காது. சீசன் முடிஞ்சதும் பாத்தியிலேர்ந்து மோட்டாரக் கழட்டி, கிரீஸ் போட்டு, தார்ப்பாய் சுத்தித்தான் வெப்போம். கேட்டு கீலு, பூட்டு, சைக்கிள் செயின், ஃபேன் ஸ்குரூ... இந்த வீட்ல நான் கிரீஸ் தடவாதது உங்க அத்தைய மட்டும்தான்.

சதீஷ்: தெரியுது மாமா. நேத்து கதவத் தொறந்த கையோட அதிரசம் சாப்ட்டேன்.

தங்கராசு: ஏன்... தடவக் கூடாதா?

சதீஷ்: அது... கிரீஸ் இருந்தா உள்ள கரண்டு போவாது. பல்லும் பல்லும் ஒட்டணும். நடுவுல இது நின்னு மறிச்சிக்குது.

தங்கராசு: அப்ப நாந்தான் கெடுத்தேனா?

சதீஷ்: கெடல மாமா, கெடல.

தங்கராசு: நீங்க காலையிலேர்ந்து கீழ படுத்துக்கினு... சே. உள்ள இருக்கறவங்களுக்குத் தெரிஞ்சா, இத வெச்சே என்னை அடுத்த தீபாவளி வரைக்கும் ஓட்டுவாங்க.

சதீஷ்: யாருக்குத் தெரியப் போவுது? நீங்க சொல்லல, நான் சொல்லல. ஒரு ரப்பர் இருக்குதா? பென்சில அழிக்கற ரப்பர்.

தங்கராசு: இருக்குது, டிராயர்ல. எம் பொண்ணோட ஸ்கூல் ரப்பர். இந்தாங்க... நான் தேய்க்கட்டுமா? தடவன கை இதுதான்.

சதீஷ்: மெதுவா. மொதல்ல துணியில வழிச்சிடுங்க. அப்பறம் ரப்பர். நான் உள்ள இருக்கற பள்ளத்த பிரஷ்ஷு வெச்சித் தொடைக்கறேன்.

தங்கராசு: மாப்ள... மின்னுது பாருங்க!

ஜெயப்ரியா: இன்னா ரெண்டு பேரும் பாத்திரம் வெளக்கற மாதிரி தேய்ச்சிக்கிட்டு இருக்கீங்க?

சதீஷ்: தூசி.

தங்கராசு: ஆமா. தூசி.

ஜெயப்ரியா: புதுக் கார்டுல ஏதுப்பா தூசி?

தங்கராசு: கடையில போட்டு வெச்சிருக்கான் ரொம்ப நாளா. நீ போய் கொழம்பப் பாரு.

ஜெயப்ரியா: பெட்டி கட்டியாச்சு. மணி பன்னெண்டே முக்கால். அம்மா முறுக்க டப்பாவுல போட்டுட்டு, மூஞ்சத் திருப்பிக்கினு நிக்குது. “மூணு நாள் இருப்பேன்னு வந்தவ, ஒன்றர நாள்ல போறா”ன்னு.

சதீஷ்: ...ஆபீஸ்ல கூப்புட்டா இன்னா பண்றது ஜெயா?

தங்கராசு: வுடும்மா. வேலைன்னா போய்த்தான் ஆவணும். மாட்டுங்க மாப்ள.

சதீஷ்: மாட்டியாச்சு. ஆன் பண்ணுங்க.

தங்கராசு: பண்ணிட்டேன். உள்ள சின்ன ஃபேன் ஒன்னு சுத்துது... ஐயோ மாப்ள! மானிட்டர் செத்துப்போச்சு! கன்னங்கரேல்னு ஆயிடுச்சு. ‘நோ சிக்னல்’னு போடறான்.

சதீஷ்: சூப்பர் மாமா!

தங்கராசு: இன்னா?

சதீஷ்: நல்ல செய்தி! படம் போச்சுன்னா கார்டு உயிரோட இருக்குதுன்னு அர்த்தம்.

ஜெயப்ரியா: எனக்கே பயமா இருக்குது, உன் மண்ட நல்லா இருக்குதா?

சதீஷ்: நெஜமாத்தான். இப்ப படம் கார்டு வழியாதான் வரும். தட்டை வாயிலேர்ந்து நீல பிளக்குக்கு மாத்தற கன்வர்ட்டர் ஒன்னு இருந்தா போதும். கட்டை விரல் நீளத்துக்கு ஒயர் இருக்கும், ஒரு பக்கம் தட்டை, ஒரு பக்கம் ஓட்டை. அவ்ளோதான் பாக்கி.

தங்கராசு: அது... எங்க கெடைக்கும்?

சதீஷ்: மரக்காணத்துல?

தங்கராசு: தீபாவளிக்கு மறுநாளுங்க. பஸ் ஸ்டாண்டு கடை ரெண்டும் பூட்டு. அவங்களும் மாமியார் வீட்டுக்குப் போயிருப்பாங்க இல்ல?

சதீஷ்: புதுச்சேரிக்கி வண்டியில போயிட்டு வந்துடறேன்.

தங்கராசு: இந்த மழையிலயா? போறதுக்கு ஒரு மணி நேரம், வர்றதுக்கு ஒரு மணி நேரம். அங்கயும் தொறந்திருக்கணும். வேணாங்க. நாளைக்கி காலையில எல்லாம் தொறந்துடுவான்.

சதீஷ்: நாளைக்கா...

தங்கராசு: நான் ஒன்னும் சொல்லல. ரெண்டு மணி பஸ்ஸு உங்களுக்கு.

சதீஷ்: இல்லன்னா கார்டக் கழட்டிட்டு, பழைய மாதிரியே வெச்சிட்டுப் போறேன் மாமா. படம் வரும். தாலி எடத்துலதான் நிக்கும்.

தங்கராசு: சரிங்க. அதுக்கென்ன? இத்தன மாசம் பந்தியத்தான பாத்துக்கினு இருந்தேன்.

ஜெயப்ரியா: என்னங்க... ஏன் அப்படியே உக்காந்துட்டீங்க? ஸ்குரூவக் கழட்டுங்க.

சதீஷ்: மாமா.

தங்கராசு: ம்?

சதீஷ்: உங்ககிட்ட ஒன்னு சொல்லணும். ஜெயா, நீயும் இரு. மாமா... நான் கம்ப்யூட்டர் ஆளே இல்ல. கம்பெனி கம்ப்யூட்டர் கம்பெனிதான். ஆனா எனக்கு அதுல வேலை, ஸ்டாஃபுக்குக் கார் அனுப்பறது. தரகரு ஏதோ சொல்லி வெச்சாரு. நீங்க நாலு பேர்ட்ட பெருமையா சொன்னீங்க. எனக்கு இல்லன்னு சொல்ல வாய் வரல. இதுவரைக்கும் பண்ணதுகூட, பாத்ரூம்ல நின்னு ஃப்ரெண்டக் கேட்டுக் கேட்டுத்தான் பண்ணேன். மன்னிச்சிடுங்க மாமா.

தங்கராசு: அதான் ரெண்டு தடவ போனீங்களா? நான் உங்க அத்தைய சோம்புத் தண்ணி வெக்கச் சொல்லிட்டேனே.

சதீஷ்: மாமா, நான் நெஜமா சொல்றேன்...

தங்கராசு: தெரியுங்க.

சதீஷ்: இன்னாது?

தங்கராசு: நிச்சயத்துக்கு முன்னாடியே தெரியும்.

ஜெயப்ரியா: அப்பா! தெரியுமா உனக்கு? நான் மூணு மாசமா வாயக் கட்டிக்கிட்டு இருக்கேன்!

தங்கராசு: பொண்ணு குடுக்கறவன் விசாரிக்காம குடுப்பானாம்மா? சோழிங்கநல்லூர்ல உங்க ஆபீஸ் வாசல்லயே போய் நின்னேன் மாப்ள. எதுர்ல டீக்கடை. கார் டிரைவருங்க நாலு பேரு நின்னாங்க. ஒருத்தன் நம்ம கீழ்புத்துப்பட்டு ஆளு. “சதீஷ்னு ஒருத்தர்...”னு ஆரம்பிச்சதுமே, “எங்களுக்கு ட்ரிப் போடற சாரா?”ன்னு கேட்டுட்டான்.

சதீஷ்: ...அப்பவேவா?

தங்கராசு: அப்பவே. எனக்கு திக்குனு இருந்துச்சு, பொய் சொல்ல மாட்டேன். தரகர நாலு கேள்வி கேக்கணும்னு எழுந்தேன். அந்தப் பையன் சும்மா இல்லாம பேசிக்கினே இருந்தான். அதுக்கு முந்தின வருஷம் பெருமழையில ஒரு பொண்ணு போன கார் தண்ணியில நின்னுடுச்சாமே?

சதீஷ்: பள்ளிக்கரணைகிட்ட. ஆமா.

தங்கராசு: வேற வண்டி அனுப்பிட்டு, அது வர்ற வரைக்கும் அந்தப் பொண்ணோட நீங்க போன்ல பேசிக்கினே இருந்தீங்களாமே. உங்க ஷிஃப்ட்டு முடிஞ்சிம் போவலியாமே. அந்தப் பொண்ணு வூட்டுக்குள்ள போய், அவங்கம்மா பேசன அப்பறந்தான் போன வெச்சீங்களாம்.

சதீஷ்: அது... வேலைதான மாமா.

தங்கராசு: உங்களுக்கு வேலை. ஒரே பொண்ணப் பெத்தவன் அத டீக்கடையில நின்னு கேட்டா, அவனுக்கு எப்படி இருக்கும்? குடிச்ச டீய அப்படியே வெச்சிட்டு நேரா பஸ் ஏறி வந்தேன். உங்க அத்தைட்ட, “தேதி குறிக்கச் சொல்லு”ன்னேன். அவ, “கம்ப்யூட்டர்ல இன்னா வேலையாம்?”னா. “எல்லாரையும் வூட்ல கொண்டாந்து சேக்கற வேலை”ன்னேன். அவளுக்குப் புரியல.

ஜெயப்ரியா: அப்பா...

தங்கராசு: நீ எதுக்கு இப்ப மூக்க உறிஞ்சற? அவரே கலங்கிக்கினு இருக்காரு.

சதீஷ்: கலங்கல மாமா. பிரஷ்ஷு தூசி.

தங்கராசு: இருக்கும் இருக்கும். ரொம்ப நாள் கடையில இருந்த கார்டு.

சதீஷ்: அப்ப தெருவுல ஏன் அப்படிச் சொன்னீங்க? சகாதேவன் மாமா பிரிண்டரோட...

தங்கராசு: அவன் பொண்ணு குடுத்த எடத்துல மருமவன் கப்பல்ல இருக்கான்னு, அஞ்சு வருஷமா என் உசுர வாங்கறான் மாப்ள. எனக்கும் ஆசை இருக்காதா? அது வேற கணக்கு. அதுல நீங்க தலையிடாதீங்க.

ஜெயப்ரியா: பிரிண்டர் இன்னா ஆச்சு?

சதீஷ்: பேப்பர் மாட்டியிருந்துச்சு, இழுத்தேன். வந்துடுச்சு.

தங்கராசு: பாத்தீங்களா? அவன் மருமவனால முடியல.

சதீஷ்: மாமா, இன்னொன்னும் சொல்லிடறேன். சொல்லலன்னா சோறு எறங்காது. ஆபீஸ்ல யாரும் என்னைக் கூப்புடல.

ஜெயப்ரியா: இன்னாது?

சதீஷ்: ஞாயித்துக்கிழமை வரைக்கும் லீவு. இங்க இருந்தா இன்னும் யாராவது எதையாவது தூக்கிக்கிட்டு வருவாங்க, மாட்டிப்பேன்னு பயந்துட்டேன். அதான், ரெண்டு மணி பஸ்ஸுன்னு...

ஜெயப்ரியா: அடப்பாவி! அங்க எங்கம்மா அழுதுக்கினு முறுக்கு கட்டிக்கிட்டு இருக்குது. நான் வேற, “அவருக்கு வேலைம்மா, பெரிய பொறுப்பும்மா”ன்னு சமாதானம் சொல்லிக்கிட்டு இருக்கேன்!

சதீஷ்: தப்புதான். தப்புதான். முறுக்கத் திருப்பி டின்லயே கொட்டச் சொல்லு.

தங்கராசு: அப்ப... ஞாயித்துக்கிழமை வரைக்கும் இருப்பீங்களா?

சதீஷ்: நீங்க இருக்கச் சொன்னா.

தங்கராசு: ரெண்டு பேரும்?

ஜெயப்ரியா: பின்ன, அவர மட்டும் விட்டுட்டு நான் எங்கப்பா போவேன்?

தங்கராசு: பஸ்ஸு... கண்டிப்பா வேணாம் இல்ல?

சதீஷ்: வேணாம் மாமா. நாளைக்கி காலையில மொத வேலையா புதுச்சேரி போய், அந்தக் கன்வர்ட்டர வாங்கிட்டு வந்து மாட்டறோம். நீங்க தாலி கட்டறதப் பாக்கறீங்க. அதுவரைக்கும் மானிட்டர் கருப்பாவே இருக்கட்டும்.

தங்கராசு: நாளைக்கி வரைக்கும் எதுக்குங்க...

ஜெயப்ரியா: அப்பா, மறுபடியும் மடியில கைய வெச்சிக்கிட்டே நிக்கற. மோட்டார் ரூம் சாவி எதுர்ல ஆணியிலதான தொங்குது?

தங்கராசு: அது ஒன்னும் இல்லம்மா...

சதீஷ்: மாமா. எடுங்க வெளிய.

தங்கராசு: இந்தாங்க.

ஜெயப்ரியா: கட்டை விரல் நீளத்துக்கு ஒயரு...

சதீஷ்: ஒரு பக்கம் தட்டை, ஒரு பக்கம் ஓட்டை. மாமா! இது எப்ப வாங்கனீங்க?

தங்கராசு: கார்டு வாங்கன அன்னிக்கே. பழைய மானிட்டர்னு சொன்னதும், இது இல்லாம ஓடாதுன்னு கடைக்காரனே சேத்துக் குடுத்துட்டான். குடுத்துட்டா நீங்க சட்டுனு முடிச்சிட்டு, எம் பொண்ண ரெண்டு மணி பஸ்ஸுல ஏத்திக்கினு போயிடுவீங்களேன்னுதான் மாப்ள... வீடியோ எங்க போவப் போவுது, அது எப்ப வேணா ஓடும். சரி, அந்த ரப்பர இப்படிக் குடுங்க. இதுலயும் கிரீஸ் தடவிட்டேன்.